துளை விழுந்த ஒரு ரூபாய்

அந்தமான் கைதிகளின் குடியேற்றத்துக்கென்று அடித்த செப்பு டோக்கன். அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள பிலடெல்பியாவுக்கும் தங்கசாலைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

பெயர் ஒரு ரூபாய். உலோகம் வெள்ளி அல்ல, செம்பு. ஒரு பக்கம் விக்டோரியா ராணி. மறுபக்கம் 'அந்தமான் டோக்கன், ஒரு ரூபாய்' என்ற ஆங்கில எழுத்துக்களும் ஆண்டும். இரண்டு பக்கத்தையும் ஊடுருவி, ராணியாயிற்றே என்ற தயக்கமும் இல்லாமல், நட்டநடுவில் ஒரு துளை. போர்ட் பிளேரில் இதற்கு ஒரு ரூபாய் மதிப்பு இருந்தது. கப்பலேறி கல்கத்தாவில் இறங்கினால் செம்பின் விலைதான் தேறும். இத்தனைக்கும் இது அச்சானதே கல்கத்தா அக்கசாலையில்தான்.

1861 என்று ஆண்டு போட்ட டோக்கன் ஒன்று. 1866 என்று போட்டது இன்னொன்று. பிரிட்டிஷ் இந்தியாவின் நாணய வரலாற்றில் இதற்குச் சில வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஆனால் ஏலங்களில் அந்தமான் டோக்கன் தலைகாட்டினால் சேகரிப்பாளர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அது உண்மையானதா, எந்த அச்சில் பிறந்தது, பின்னாளில் யாரோ ஆசைக்கு அடித்துக்கொண்டதா என்று பூதக்கண்ணாடியும் கையுமாக விவாதம் தொடங்கிவிடுகிறது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். உள்ளே போய்விட்டால் வெளியே வருவது கடினம்.

1857 எழுச்சி அடங்கிய கையோடு, 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் அந்தமானில் வந்திறங்கினார். காடு வெட்டவேண்டும், குடிசை போடவேண்டும், சோறும் பொங்கவேண்டும். இன்று எல்லோருக்கும் தெரிந்த செல்லுலர் சிறையின் கட்டுமானம் தொடங்க இன்னும் 38 ஆண்டுகள் இருந்தன. அதுவரை தீவுதான் சிறை, கடல்தான் மதில். நாளடைவில் நன்னடத்தைக் கைதிகள் நிலம் பெற்றுத் தாங்களே பிழைத்துக்கொள்ளும் 'சுயதொழில்' குடியானவர்களானார்கள். விளைச்சல், கூலி, கடை எல்லாம் வந்தபோது பணமும் வேண்டியிருந்தது. அதைத் தரவேண்டிய கருவூலமோ வங்கக்கடலுக்கு அப்பால்.

இந்த நிலையில்தான் தீவுக்குள் மட்டும் செல்லும் ரூபாய் பிறக்கிறது. வெளியே செல்லாத காசு ஊரைவிட்டு ஒழுகாது. தப்பித்துப் படகேறும் கைதிக்கும் அது உதவாது. ஓட்டல் கல்லாவில் கொடுக்கும் டோக்கனை அடுத்த தெரு ஓட்டலில் நீட்ட முடியாததுபோல. துளை எதற்கு? செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசி அசல் ரூபாயாக உலவவிடாமல் தடுக்கத்தான் என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் விளக்கம். நம்பும்படிதான் இருக்கிறது. அந்தக் குடியேற்றத்தில் கள்ள நாணயத் தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

நடுவில் துளையில்லாமல் பளபளக்கும் அந்தமான் டோக்கன் எதிர்ப்பட்டால் சந்தேகம் வரவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய அக்கசாலைகள் பழைய அச்சுகளைத் தூசு தட்டி எடுத்து, சேகரிப்பாளர்களுக்காகப் புதிதாக அடித்துக் கொடுத்ததுண்டு. இவற்றுக்கு மீளச்சு என்று பெயர். போலி என்று சொல்லிவிட முடியாது. அதே அச்சு, அதே அக்கசாலை. ஆனால் எந்தக் கைதியின் மடியிலும் கிடந்ததில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரே வழி, காசைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதை அடித்த அச்சைப் பார்ப்பது.

'அச்சு' நமக்குப் பழகிய சொல்தான். இடைக்காலக் கல்வெட்டுகளில் அச்சு என்ற பெயரிலேயே நாணயம் உண்டு. காசு அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை, கம்பட்டம் என்று இரண்டு நல்ல சொற்களை வைத்துக்கொண்டு 'நாணயத் தயாரிப்புத் தொழிற்சாலை' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தின் 'கேஷ்' என்ற சொல்லுக்கே, செப்புக்காசைப் பொறுத்தவரை, நம் காசுதான் மூலம் என்கின்றன அகராதிகள். மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.

எஃகு அச்சு இரண்டு. மேலச்சில் தலை, கீழச்சில் பூ. இடையில் வெறும் உலோக வில்லை. ஓர் அடி விழுந்தால் காசு. அச்சு தேயும், விரிசல் விடும், உடையும். உடைந்த அச்சுக்குப் பதில் புதியது வெட்டவேண்டும். கையால் வெட்டிய காலத்தில் ஒன்றுபோல் இன்னொன்று வராது. எழுத்து கொஞ்சம் சாயும், ஆண்டின் கடைசி எண் இறங்கிவிடும், இலைக்கு ஒரு காம்பு விட்டுப்போகும். ஒரே ஆண்டுக் காசிலும் இப்படி வகைகள் பிறக்கும். மேலச்சு முதலில் உடைந்தால், மிஞ்சிய கீழச்சுக்குப் புதிய ஜோடி அமையும். இதைச் சேகரிப்பாளர்கள் 'திருமணம்' என்றே சொல்கிறார்கள். மறுமணங்களும் அதிகம்.

இந்தப் பைத்தியம் முற்றிய ஊர் அமெரிக்கா. 1793இல் பிலடெல்பியா அக்கசாலை ஒரு சென்ட் மதிப்புக்குப் பெரிய செப்புக்காசை அடிக்க ஆரம்பித்தது. பின்புறம் 15 மாநிலங்களின் ஒற்றுமைக்கு அடையாளமாக 15 கண்ணிகள் கொண்ட சங்கிலி. விடுதலை பெற்ற நாட்டின் காசில் சங்கிலியா என்று கேலி எழுந்தது. 36,103 காசுகளோடு அது நின்றது. அதிலும் முதல் அச்சை வெட்டியவர் நாட்டின் பெயருக்கு இடம் போதாமல் 'அமெரி.' என்று புள்ளி வைத்து முடித்துவிட்டார். அடுத்த அச்சில் பெயர் முழுதாக வந்தது. முழுப்பெயர் உள்ள காசா, பாதிப்பெயர் உள்ளதா என்பது இன்று பெரும்பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. 1794இன் ஓர் அச்சில் விளிம்பை ஒட்டி 94 நுண்ணிய நட்சத்திரங்கள் இருக்கின்றன. யார் வெட்டினார், எதற்கு வெட்டினார் என்பதற்கு உறுதியான பதில் இல்லை.

1857 வரை, 1815 நீங்கலாக, ஆண்டுதோறும் வந்த இந்தக் காசுகளில் 1793 முதல் 1814 வரையிலானவற்றை வகைபிரித்து எண் கொடுத்தவர் வில்லியம் ஷெல்டன். தொழில் உளவியல். 1949இல் வந்த அவருடைய நூல் 295 வகைகள் வரை எண்ணிக்கொண்டு போகிறது. வழிமுறை எளியது. எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி, இலை நுனி எந்த எழுத்தைத் தொடுகிறது, மாலையில் இடப்பக்கம் எத்தனை காய், வலப்பக்கம் எத்தனை என்று பார்த்துக்கொண்டே போனால் அச்சு அகப்பட்டுவிடும். காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறையும் அவருடையதுதான். இன்று இந்தியக் காசுகளைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து எண் ஒட்டித்தரும் நிறுவனங்கள் பின்பற்றுவதும் அதே 70.

தமிழில் நாணயம் என்றால் நேர்மை என்றும் பொருள். ஷெல்டனிடம் முதல் பொருள் மட்டும்தான் இருந்தது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்துக்கு ஜார்ஜ் கிளாப் என்பவர் தம் சென்ட் சேகரிப்பை நன்கொடையாகத் தந்திருந்தார். ஆராய்ச்சி செய்யப் போன ஷெல்டன் அதில் நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமான காசை வைத்துவிட்டு வந்தார். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கும் மேல். வகை எண் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1977இல் அவர் இறந்த பிறகே குட்டு உடைந்தது. காட்டிக்கொடுத்தவை கிளாப் காலத்துப் பழைய புகைப்படங்கள். அச்சின் அடையாளம் அந்த வகைக் காசு அனைத்துக்கும் பொது. ஆனால் ஒரு கீறலும் ஒரு கறையும் ஒரே காசுக்குத்தான் சொந்தம். விற்றுக் கைமாறிப் போயிருந்த காசுகளைக் கழகம் நீதிமன்றத்துக்குப் போய் மீட்க வேண்டியிருந்தது.

பிலடெல்பியாவிலிருந்து சென்னைக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அது பர்மிங்காம் வழியாகப் போகிறது. அமெரிக்க சென்டுக்கு வேண்டிய வெற்றுச் செப்பு வில்லைகளைப் பல ஆண்டுகள் அனுப்பிய மாத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலைதான், சென்னை மாகாணத்துக்காக 1803இலும் 1808இலும் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை அடித்தது. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1808 காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளித்தவர்கள் லட்சக்கணக்கில் அள்ளினார்கள். திருவல்லிக்கேணிக் கடையில் புழங்கியிருக்கவேண்டிய இருபது காசு இன்று லண்டனில் கப்பல் கதைச் சான்றிதழோடு விற்பனையாகிறது. கல்கத்தா அக்கசாலைக்கு நீராவி இயந்திரங்கள் வந்ததும் அதே பர்மிங்காம் ஆலையிலிருந்துதான்.

இயந்திரம் வந்தபின் அச்சுகள் எல்லாம் ஒரே முகமாகிவிட்டனவா? இல்லை. அந்தமானில் முதல் கைதிகள் இறங்கியபோது நாட்டில் புழங்கிய ராணி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 1840 என்றிருக்கும். 1858இலும் 1840தான். ஆண்டை மாற்றாமலே 1861 வரை அடித்தார்கள். முந்தைய வில்லியம் மன்னர் ரூபாயிலும் 1835 அப்படியே உறைந்திருந்தது. இதற்குக் காரணம் சராபுகள். பழைய ஆண்டுக் காசு தேய்ந்திருக்கும் என்று சொல்லி அவர்கள் வட்டம் பிடிப்பது வழக்கம். ஆண்டே தெரியாவிட்டால் எதை வைத்து வட்டம் பிடிப்பது? வங்காளத்தில் 1793இலிருந்தே ஷா ஆலம் பாதுஷாவின் 19ஆம் ஆட்சி ஆண்டை நிரந்தரமாகப் பொறித்து இந்தத் தந்திரத்தைக் கையாண்டிருந்தது கம்பெனி.

சராபுகளை ஏமாற்றியது நாணயவியலாளர்களுக்குத் தலைவலியானது. 22 ஆண்டுக் காசும் ஒரே ஆண்டைக் காட்டினால் எப்படிப் பிரிப்பது? பூவா தலையா என்று சுண்டிவிடும் நாம் பூவை என்றாவது உற்றுப் பார்த்திருக்கிறோமா? 1840 ரூபாயின் பூப்பக்கத்து மாலையில் காய்கள் இருக்கின்றன. சில அச்சில் 19 அல்லது 20, சிலவற்றில் 28, இன்னும் சிலவற்றில் 34, 35. தலைப்பக்கத்தில் ராணியின் பெயர் சில காசுகளில் தலைக்குமேல் தொடர்ந்து ஓடுகிறது. பிந்தியவற்றில் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கழுத்தின் வெட்டில் 'டபிள்யூ டபிள்யூ' என்றிருந்தால் அது உருவம் செதுக்கிய வில்லியம் வையன். சிலவற்றில் கூடவே 'எஸ்' என்றும் பொடியாக இருக்கும். பிலடெல்பியாவில் காய் எண்ணிய அதே வேலைதான்.

1862இல் புதிய ரூபாய். கம்பெனி போய் 'இந்தியா' வந்தது. ஆண்டு மறுபடியும் உறைந்தது, 1874 வரை. ஆனால் பம்பாய் அக்கசாலைக்காரர்கள் தங்கள் கணக்குக்கு ஒரு வழி செய்தார்கள். 1862 என்ற எண்ணின் கீழும் மேலும் குண்டூசி முனையளவு புள்ளிகள். ஒன்று, இரண்டு என்று கூடிக்கொண்டே போய்ப் பத்தையும் தாண்டுகின்றன. எந்த ஆண்டில் அடித்தது என்பதன் ரகசியக் குறிப்பாகவே இவற்றைக் கொள்கிறார்கள். கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இந்தப் புள்ளிக் கணக்கு இல்லை. ராணியின் உடையிலும் பூ வேலையிலும் உள்ள நுட்ப வேறுபாடுகளை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். சென்னை அக்கசாலை 1869இல் மூடப்பட்டுவிட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் இருக்கிறது. இந்த வகைகளையெல்லாம் முறையாக வரிசைப்படுத்தியவர் மேஜர் பிரிட்மோர். 1975இலும் 1980இலும் வெளியான அவருடைய இந்தியத் தொகுதிகள்தான் இன்றும் ஏலப் பட்டியல்களின் வேதம். அந்தமான் டோக்கனுக்கும் அதில் எண் உண்டு.

அச்சில் நேரும் பிசகு அரசியலானதும் உண்டு. 1911இன் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு யானை இருக்கவேண்டும். தும்பிக்கை குட்டையாகி அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடம் முணுமுணுப்பு கிளம்பியது. 1857ஐ மறக்காத அரசு அவசரமாகக் காசைத் திரும்பப் பெற்று உருக்கிவிட்டு, 1912இல் யானையை யானையாக்கிய புதிய அச்சைக் கொண்டுவந்தது. ஒரு பன்றி ரூபாய் கையில் இருந்தால் அது தப்பிப் பிழைத்ததுதான்.

தெற்கே நிகோபாரின் கதை வேறு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் 1756இல் அங்கே கொடி நாட்டி, தரங்கம்பாடியிலிருந்தே ஆட்சி செய்ய முயன்றார்கள். காய்ச்சல் விரட்டியது. திரும்பத் திரும்ப வந்து திரும்பத் திரும்பச் செத்தார்கள். 1845இல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு, 1868இல் நிகோபார் உரிமையையும் கைகழுவினார்கள். அடுத்த ஆண்டே ஆங்கிலக் கொடி. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த ஈயக்காசிலும் செப்புக்காசிலும் உள்ள அச்சு வகைகள் அமெரிக்க சென்டுக்குச் சளைத்தவையல்ல. அரசரின் பெயரெழுத்து, கிரீடம், கம்பெனி முத்திரை எல்லாமே கைவேலை. அலை ஒதுக்கும் காசைப் பொறுக்குவது அந்தக் கடற்கரையில் இன்றும் உள்ள பழக்கம். நிகோபாரிகளோ இந்தக் காசு எதையும் பெரிதாக மதிக்கவில்லை. அவர்களுக்குத் தேங்காய்தான் பணம். எந்தச் சரக்குக்கும் இத்தனை தேங்காய் என்று விலை. எண்ணுவதும் ஜோடி ஜோடியாக, இருபது இருபதாக. 1894 முதல் 1904 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் இந்தத் தேங்காய் நாணயம் பற்றி அக்கறையோடு எழுதியிருக்கிறார். இதற்குப் போலியச்சு அடிக்க யாராலும் முடியாது என்பது அவர் சொல்லாதது.

போலி என்றதும் தமிழகத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818' என்ற எழுத்தும் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ உள்ள செப்பு, பித்தளைக் காசுகள் எத்தனையோ வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கின்றன. கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் யாரோ பட்டறையில் செய்து பரப்பியவை அவை. சென்னையில் கம்பெனி அடித்த வராகனில் பெருமாள் உருவம் இருந்தது உண்மை. அந்த உண்மையின் நிழலில்தான் இந்தப் பொய் ஒண்டியிருக்கிறது. பூஜையறையோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் காசு அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை என்று சொல்லி, 'பரிசோதனைச் செலவு' என்று லட்சங்களைக் கறந்துகொண்டு மறையும் கும்பல்கள் மீது தமிழகப் போலீஸ் வழக்குமேல் வழக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஏமாறுபவர்கள் படிக்காதவர்கள் மட்டுமல்ல. வீட்டை அடகுவைத்தவர்களும் ஓய்வூதியப் பணத்தைக் கொட்டியவர்களும் அதில் உண்டு. அரிசியை இழுக்கும் உலோகம் எதுவும் கிடையாது என்பதைப் பள்ளிப் பையன் சொல்வான். கோடி என்ற சொல் காதில் விழுந்தபின் பள்ளிப் பாடம் நினைவுக்கு வருவதில்லை.

ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் நகைக்கடைத் தராசும் இருந்தால் பெரும்பாலான ஏமாற்று வேலை அம்பலமாகிவிடும். ராணி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். கூடினால் விஷயம் இருக்கிறது. காசைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மெல்லிய தையல் போன்ற கோடு தெரிந்தால் அது அடித்ததல்ல, வார்த்தது. எழுத்தின் ஓரம் மழுங்கி, பரப்பில் ஊசிக்குத்துபோல் குழிகள் இருந்தாலும் அதே முடிவுதான். கீறலையும் அச்சு விரிசலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கீறல் பள்ளமாக இறங்கும். அச்சு விரிசல் காசில் மேடாக எழும், ஏனெனில் விரிசலுக்குள் உலோகம் புகுந்திருக்கிறது. அந்த மேட்டுக்கோடு அடுத்தடுத்த காசுகளில் நீண்டுகொண்டே போவதை வைத்து எது முன்னே அடித்தது, எது பின்னே என்று வரிசை சொல்லிவிடலாம். ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள் வந்தால் இரண்டில் ஒன்றாவது மற்றதைப் பார்த்து வார்த்தது. ஷெல்டனை மாட்டிவிட்ட பாடம் இது.

புளி போட்டுத் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். 150 ஆண்டுகளில் செம்பின்மேல் படிந்த நிறத்தைப் பத்து நிமிடத்தில் அழிக்கலாம், திரும்பக் கொண்டுவர முடியாது. புள்ளியும் இனிஷியலும் அதோடு போய்விடும்.

பழகிக்கொள்ள விலையுயர்ந்த காசு எதுவும் தேவையில்லை. சட்டைப்பையில் உள்ள சில்லறையில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் 1988இல் தொடங்கிய நொய்டா. எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா, அந்தமான் டோக்கனை அடித்த அதே ஊர்.

அந்த டோக்கனைத் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. குடியேற்றத்தின் தலைமையிடமாக இருந்த ராஸ் தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு. அங்கே ஆலமர வேர்கள் விழுங்கிக்கொண்டிருக்கும் சுவர்களுக்கிடையில் கால் தட்டி ஒரு செப்பு வில்லை அகப்பட்டால் அது உங்களுடையதல்ல. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. அதன்மேல் ஒரு ரூபாய் என்றுதானே எழுதியிருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை.